பாக்கெட் வரிசையில் எது நியாயம்?

சாயங்கால நேரம். உள்ளறையில் மகன் கல்யாண வீடியோவை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். கூடத்தில் அம்மா வெளியூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று மகளின் முகம் அப்படியே உறைகிறது, குரல் இழுக்கிறது. "டேய், நெட்டுக்கு என்னடா ஆச்சு?" என்று அம்மா சத்தம் போட, "லைன் நல்லாத்தாம்மா இருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது.

அவன் சொல்வது உண்மை. லைன் நன்றாகத்தான் இருக்கிறது. சாதாரணக் குரல் அழைப்புக்கு விநாடிக்கு நூறு கிலோபிட் தாராளம். வீடியோவுக்கு அதைவிடக் கூடுதல், அவ்வளவுதான். அம்மாவின் பாக்கெட்டுகளுக்கு லைனில் இடம் இல்லாமல் போகவில்லை. அவை ரவுட்டரின் வாசலில், மகனுடைய சில நூறு பாக்கெட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கின்றன. அந்த ரவுட்டர் மேலே அனுப்பும் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட், வரிசைக்கு ஒதுக்கிய நினைவகம் 256 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், வரிசை நிரம்பியிருக்கும்போது கடைசியில் வந்து சேரும் பாக்கெட் 2 விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். 2 விநாடி தாமதத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது.

முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதான் ரவுட்டர் பின்பற்றும் விதி. கேட்க நியாயமாக இருக்கிறது. ரேஷன் கடையிலும் அதேதானே? ஆனால் ரேஷன் கடையில் ஒருவர் ஒரு தடவைதான் நிற்க முடியும். செருப்பையும் கல்லையும் பையையும் போட்டு இடம் பிடித்தாலும் ஐந்தாறு இடத்துக்கு மேல் தேறாது, பின்னால் நிற்பவர் சண்டைக்கு வந்துவிடுவார். பாக்கெட் வரிசையில் ஒரே ஆள் ஐந்நூறு இடத்தில் நிற்கலாம், கேட்க நாதி இல்லை. இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைப் போல இருமடங்கு வேகத்தில் பாக்கெட்டுகளைத் தள்ளினால், நெரிசலான லைனில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கே போகும். அடக்கமாக அனுப்புகிறவர் ஏமாளி.

இதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் ஜான் நேகிள். ஃபோர்டு கார் கம்பெனியின் விண்வெளி, தகவல்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். 1985 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி 970 அவருடையது. சில பக்கங்கள்தான், இன்றைக்குப் படித்தாலும் சுவாரசியம் குறையாது. ஒரு விளையாட்டுக் கேள்வியோடு ஆரம்பிக்கிறார்: ரவுட்டரில் எல்லையே இல்லாத நினைவகம் இருந்தால் என்ன ஆகும்? ஒரு பாக்கெட்டைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம், எல்லாம் வரிசையில் பத்திரமாக இருக்கும், பிரச்சினை தீர்ந்தது என்றுதானே தோன்றும்? அங்கேதான் வில்லங்கம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆயுள் உண்டு. வருகிற பாக்கெட்டுகள் போகிறதைவிட அதிகமாக இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் வரிசையின் முன்னால் வந்து சேரும் பாக்கெட் ஒவ்வொன்றும் ஏற்கனவே ஆயுள் முடிந்ததாக இருக்கும். எல்லையற்ற நினைவகம், ஆனால் ஒரு பாக்கெட்கூடப் போய்ச் சேராது! நினைவகம் மலிவானதும் இதே தவறைக் கொஞ்சம் சின்ன அளவில் உலகம் முழுக்க மோடம்களுக்குள் செய்து வைத்தார்கள். மேலே சொன்ன வீட்டில் நடந்ததும் அதுதான்.

நேகிளின் அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. வலைப்பின்னலில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் நலனை மட்டும் பார்த்தால் எது அதற்கு லாபம்? பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளுக்கொரு மாடு கூடுதலாக விட்ட கதைதான். ஒரே வரிசை இருக்கும் வரை, அதிகமாக அனுப்புவதே லாபம். ஆகவே விதியை மாற்ற வேண்டும், அதிகமாக அனுப்புகிறவனுக்கே அது நஷ்டமாகிற மாதிரி. அவர் சொன்ன வழி ரொம்ப எளிது. அனுப்பும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ரவுட்டரில் தனி வரிசை. ரவுட்டர் ஒவ்வொரு வரிசையாகச் சுற்றி வந்து ஒவ்வொரு பாக்கெட் எடுத்து அனுப்பும். இடம் நிறைந்துவிட்டால் எந்த வரிசை மிக நீளமோ அதன் வாலிலிருந்து ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடும். இப்போது ஐந்நூறு பாக்கெட்டைத் தள்ளுகிறவன் தன் வரிசையைத்தான் நீளமாக்கிக்கொள்கிறான். அவன் பாக்கெட்தான் காத்திருக்கும், அவன் பாக்கெட்தான் விழும்.

அடுத்த வருஷமே நிலைமை முற்றியது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நாற்பது! தந்தி அடித்திருந்தால்கூடப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வான் ஜேகப்சன் இதை ஆராய்ந்து 1988-ல் எழுதிய கட்டுரைதான் டிசிபிக்கு அடக்கம் கற்றுக்கொடுத்தது: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொள், வேகத்தைக் குறை, பிறகு மெல்ல மெல்ல ஏற்று. ரவுட்டர் எதையும் பிரித்துப் பார்க்க வேண்டாம்; முனையில் இருப்பவர்கள் ஒழுங்காக நடந்தால் போதும். இது அபாரமாக வேலை செய்தது. ஆனால் ஒழுங்காக நடப்பவர்களை நம்பிய ஏற்பாடு இது. நேகிள் கேட்டதோ, நம்ப முடியாவிட்டால் என்ன செய்வது என்பதை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷென்கர் ஆகிய மூவர். 1989-ல் வந்த அவர்களுடைய கட்டுரை நேகிளின் திட்டத்தில் ஒரு ஓட்டையைக் காட்டியது. ஒரு சுற்றுக்கு ஒரு பாக்கெட் என்றால் பெரிய பாக்கெட் அனுப்புகிறவனுக்குத்தானே கொண்டாட்டம்? ஒருவன் 1500 பைட் பாக்கெட், இன்னொருவன் 100 பைட் பாக்கெட். சுற்று ஒன்றுதான், கிடைப்பது பதினைந்து மடங்கு. சரி, பாக்கெட்டுக்குப் பதில் ஆளுக்கு ஒரு பிட் என்று சுற்றினால்? கணக்குப்படி அதுதான் சுத்த நியாயம். ஆனால் பாக்கெட்டைப் பிட் பிட்டாக வெட்டி அனுப்ப முடியாது. அதனால் அவர்கள் ஒரு கற்பனை ரவுட்டரை ஓடவிட்டார்கள். பிட் பிட்டாகச் சுற்றியிருந்தால் இந்தப் பாக்கெட் எப்போது முடிந்திருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடு; எது சீக்கிரம் முடிந்திருக்குமோ அதை முதலில் அனுப்பு. நிஜம் கற்பனையை விட்டு எவ்வளவு பின்தங்கலாம் என்பதை அபய் பரேக் எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்ட ஆய்வில் நிரூபித்தார்: அதிகபட்சம் ஒரு பெரிய பாக்கெட்டை அனுப்ப ஆகும் நேரம். அவ்வளவு நெருக்கம்.

கணக்கு அழகுதான். ஆனால் அந்த 1989 கட்டுரையில் படிக்க வேண்டிய இடம் கணக்கு வராத ஒரு பத்தி. பங்கு போடுவது சரி, யாருக்குப் போடுவது? அனுப்பும் கம்ப்யூட்டருக்கு ஒரு பங்கு என்றால், ஆயிரம் பேருக்குக் கோப்பு கொடுக்கும் சர்வருக்கும் சும்மா கிடக்கும் ஒரு கணினிக்கும் ஒரே பங்கா? பெறுகிறவருக்கு ஒரு பங்கு என்றால், வேண்டாத பாக்கெட்டுகளை ஒருவர் மேல் கொட்டியே அவர் பங்கைக் காலி செய்துவிடலாம். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பங்கு என்றால், நாலு நிரலை ஒரே நேரத்தில் ஓடவிட்டு நாலு பங்கு வாங்கிக்கொள்ளலாம். கடைசியில் அனுப்புநர்-பெறுநர் ஜோடிக்கு ஒரு பங்கு என்று முடிவு செய்தார்கள். அதிலும் ஒரு போக்கிரி ஆயிரம் முகவரிகளுக்கு அனுப்பி ஆயிரம் பங்கு வாங்கலாம் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எந்தப் பக்கம் அடைத்தாலும் இன்னொரு பக்கம் ஒழுகுகிறது. பிறகு வந்த எத்தனையோ கட்டுரைகள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய், பங்கை எவ்வளவு துல்லியமாக, எவ்வளவு வேகமாகப் போடுவது என்பதிலேயே நின்றுவிட்டன. அளக்க முடிந்ததைத்தானே ஆராய்ச்சி செய்ய முடியும்!

நிற்க. வேகமும் சின்ன விஷயம் இல்லை. மெதுவான லைன்களில் கணக்குப் போட்டு வரிசைப்படுத்த நேரம் இருந்தது. சிஸ்கோ ரவுட்டர்களில் 2.048 மெகாபிட்டும் அதற்குக் குறைவுமான சீரியல் லைன்களுக்கு இந்த வகை நியாய வரிசையே இயல்பாக வந்தது. 10 கிகாபிட் லைனில் மிகச் சின்ன பாக்கெட்டுகள் அடுத்தடுத்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 67 நானோ விநாடி. அதற்குள் இது யாருடைய பாக்கெட் என்று கண்டுபிடித்து, முடியும் நேரத்தைக் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கானவற்றின் நடுவே சரியான இடத்தில் செருக வேண்டும். நினைவகத்தை ஒரு முறை தொட்டு வரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

ஆகவே பேரம் ஆரம்பித்தது. 1990-ல் பால் மெக்கென்னி சொன்னது: இணைப்புக்கு ஒரு வரிசை என்று வைக்காதே. வரிசைகளின் எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துகொள்; பாக்கெட்டின் முகவரிகளை ஒரு ஹாஷ் கணக்கில் போட்டு, வருகிற எண்ணுள்ள வரிசையில் தள்ளு. தேடல் வேலையே இல்லை. ஆனால் இரண்டு பேர் அதிர்ஷ்டமில்லாமல் ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டால் ஆளுக்கு அரைப் பங்குதான். அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை ஹாஷ் கணக்கையே மாற்றிவிடுவது. துரதிர்ஷ்டம் யாரோடும் நிரந்தரமாகத் தங்காது. பதிலுக்கு, மாற்றும் அந்த நொடியில் ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் இரண்டு வரிசைகளில் பிரிந்து முன்பின்னாகப் போய்ச் சேரலாம்.

1995-ல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் கொண்டுவந்த வழி இன்னும் எளிது. பழைய மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படி, உதாரணமாக 1000 பைட். முன்னால் 600 பைட் பாக்கெட் நிற்கிறது, போகட்டும், மீதி 400. அடுத்தது 700 பைட், இப்போது முடியாது. 400 கணக்கில் நிற்கும். அடுத்த சுற்றில் 1400, ஆகவே 700 போகும், மீதி 700. வரிசை காலியானால் மீதியும் பூஜ்யம். சும்மா இருந்த காலத்துக்குச் சேர்த்து வைத்துப் பிறகு மொத்தமாகக் கேட்க முடியாது. வரிசைப்படுத்தல் இல்லை, கற்பனை ரவுட்டர் இல்லை, கூட்டல் கழித்தல்தான். படி மட்டும் மிகப் பெரிய பாக்கெட்டுக்குக் குறையாமல் இருந்தால், போகும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பாக்கெட்டாவது கிளம்பும். வெட்டி நடை கிடையாது.

இதற்குக் கொடுத்த விலை தாமதம். 10 மெகாபிட் லைனில் 100 இணைப்புகள், ஒவ்வொன்றும் தன் முறையில் ஒரு 1500 பைட் பாக்கெட்டை அனுப்புகிறது. ஒன்றுக்கு 1.2 மில்லி விநாடி, சுற்று முடிய 120 மில்லி விநாடி. அம்மாவின் 200 பைட் குரல் பாக்கெட்டும் தன் முறை வரும் வரை நிற்க வேண்டியதுதான். பழைய துல்லியமான முறையில், சின்ன பாக்கெட் சீக்கிரம் முடியும் என்பதால் அது முன்னால் போயிருக்கும். நீண்ட காலக் கணக்கில் இரண்டு முறையும் சமப் பங்கே தருகின்றன. பேசுகிறவருக்கு நீண்ட காலக் கணக்கை வைத்து என்ன செய்வது?

இந்த இடத்தில் பல வருஷம் பெரிய அசைவில்லை. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பே ஏன் இப்படித் தவிக்கிறது என்று துருவ ஆரம்பித்து, மோடம்களுக்குள் வீங்கிக் கிடக்கும் வரிசைகளைப் பற்றி ஊரைக் கூட்டினார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் கோடல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்; 100 மில்லி விநாடி முழுக்கக் காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே வரவே இல்லையென்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போட ஆரம்பி. அதே வருஷம் எரிக் டுமாசே இதை வர்கீஸின் படிக் கணக்கோடும் மெக்கென்னியின் ஹாஷோடும் சேர்த்து லினக்ஸ் 3.5-ல் எஃப்க்யூ-கோடல் என்று போட்டார். 2018-ல் அது ஆர்.எஃப்.சி 8290 ஆனது. பெயர் வைப்பதில் பொறியாளர்களுக்கு ராசி இல்லை, விட்டுவிடலாம் :-)

அதில் ஒரு சின்ன தந்திரம் இருக்கிறது. வரிசைகளை இரண்டு பட்டியலாக வைக்கிறார்கள், புதியது, பழையது. சும்மா கிடந்த வரிசையில் ஒரு பாக்கெட் வந்தால் அது புதிய பட்டியலில் சேரும், அந்தப் பட்டியலுக்கே முதலில் வழி. ஒரு படி, அதாவது இயல்பாக 1514 பைட், தீர்ந்ததும் பழைய பட்டியலின் வாலுக்குப் போக வேண்டும். கொஞ்சமாக, விட்டு விட்டு அனுப்பும் குரல் பாக்கெட் ஒவ்வொரு முறையும் புதுசாகவே வந்து உடனே போய்விடும். கோப்பு ஏற்றுகிறவன் எப்போதும் பழையவன். இது குரல், இது வீடியோ என்று யாரும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டாம், நடத்தையே சீட்டு. புதிய பட்டியலில் ஒருவன் திரும்பத் திரும்ப வந்து பழையவர்களைப் பட்டினி போட்டால்? அதற்கும் பூட்டு இருக்கிறது. காலியான புதிய வரிசை நேராக வெளியேற முடியாது, பழைய பட்டியல் வழியாக ஒரு சுற்று போய்த்தான் வெளியேற வேண்டும். 1989 கட்டுரையிலும், தன் பங்கைவிடக் குறைவாக எடுப்பவருக்குக் கொஞ்சம் முன்னுரிமை தரும் ஒரு திருகு இருந்தது. அது வேறு உருவத்தில் திரும்பி வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

மகனும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு இது போதும். 1024 வரிசைகள், 100 இணைப்புகள் ஓடினாலும் ஒன்று இன்னொன்றோடு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பதுதான். ஆனால் மகன் டொரண்ட்டைத் திறந்து 40 இணைப்புகள் போட்டால்? அம்மாவின் பெரிய வீடியோ ஓட்டத்துக்கு ஒரு பங்கு, மகனுக்கு நாற்பது. ஒவ்வொரு இணைப்புக்கும் நியாயம் அச்சாக நடந்திருக்கிறது. வீட்டில் நியாயம் நடக்கவில்லை.

பாப் பிரிஸ்கோ 2007-ல் இதைத்தான் கடுமையாகத் தாக்கினார். இணைப்புகளுக்கு இடையே சமப் பங்கு என்பதை ஒரு மதம் என்றே அழைத்தார். அவருடைய இன்னொரு குத்தல் இன்னும் ஆழமானது. நாள் முழுக்க இறக்கிக்கொண்டே இருப்பவரும், காலையிலிருந்து இணையத்தைத் தொடாமல் இப்போது ஒரு நிமிஷம் மட்டும் கேட்பவரும் இந்த நொடியில் ரவுட்டருக்குச் சமம். அதற்கு நேற்றும் கிடையாது, காலையும் கிடையாது. இதை நியாயம் என்று எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் எல்லோருடைய நேற்றையும் ஞாபகம் வைக்க ரவுட்டருக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும், யார் யாரென்று அதற்கு எப்படித் தெரியும் என்ற கேள்விகளுக்கு அவர் பக்கத்திலிருந்து வந்த பதில்கள் அவ்வளவு சுலபமானவை இல்லை.

வீட்டளவில் ஒரு பதில் 2018-ல் லினக்ஸ் 4.19-ல் வந்தது, பெயர் கேக். முதலில் வீட்டுக் கருவிகளுக்கு இடையே பங்கு, பிறகு ஒவ்வொரு கருவிக்குள்ளும் இணைப்புகளுக்கு இடையே பங்கு. மகனின் நாற்பதும் சேர்ந்து ஒரு பங்குதான். இதற்காக அது கொஞ்சம் ஒட்டுக்கேட்க வேண்டியிருக்கிறது. ரவுட்டரை விட்டு வெளியே போகும்போது எல்லாக் கருவிகளும் ஒரே முகவரிக்குள் ஒளிந்துகொள்வதால், முகவரி மாற்றும் அட்டவணையைப் புரட்டித்தான் எது யாருடையது என்று கண்டுபிடிக்கிறது. சின்ன ரவுட்டரின் செயலிக்கு இது பாரம். தவிர, ஒரே கம்பெனி லைனில் ஐம்பது பேருக்குப் பொதுவான ஒரு சர்வரும் ஒற்றை ஆளின் கைப்பேசியும் அதற்கு ஒன்றே. 1989-ன் கோப்பு சர்வர் கேள்வி முப்பது வருஷம் கழித்தும் அப்படியே நிற்கிறது. யாராவது வி.பி.என் போட்டுவிட்டால் இன்னும் மோசம். குரல், கோப்பு, படம் எல்லாம் ஒரே சங்கேதக் குழாய்க்குள் போகும்போது வெளியிலிருக்கும் ரவுட்டருக்குத் தெரிவது ஒரே ஒரு இணைப்பு, ஒரே ஒரு வரிசை.

பிரிஸ்கோவும் கூட்டாளிகளும் வேறு பக்கம் போனார்கள். 2023 ஜனவரியில் வெளியான எல்4எஸ் ஆர்.எஃப்.சிகளில் அவர்களுடைய ரவுட்டருக்கு இரண்டே வரிசைகள். நெரிசலை நுணுக்கமாகக் கவனித்து உடனுக்குடன் வேகத்தைத் திருத்தும் புதிய வகை அனுப்புநர்களுக்கு ஒன்று, பழைய வகைக்கு ஒன்று. யார் யாரென்று பிரிக்க வேண்டாம், முகவரிகளை மோப்பம் பிடிக்க வேண்டாம், வி.பி.என்னுக்குள் என்ன இருக்கிறது என்ற கவலையும் இல்லை. முனையில் இருப்பவர்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று நம்புகிறோம். 1988-ன் பழைய ஏற்பாடேதான், கூர்தீட்டப்பட்டு. எஃப்க்யூ-கோடல் ஆட்கள் இதை விடுவார்களா? விவாதம் வருஷக்கணக்கில் நடந்தது. 2025 ஏப்ரலில் காலமான டேவ் டாட் கடைசி வரை தனி வரிசைகளின் பக்கமே நின்றார்.

நம்பிக்கையைக் கெடுப்பவன் ஒருவன் அந்த வேகமான வரிசைக்குள் நுழைந்து பாக்கெட்டுகளைக் கொட்டினால் என்ன செய்வது என்பதற்கு, கேபிள் மோடம்களுக்கான டாக்சிஸ் தரநிலையில் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். வரிசையில் தாமதம் ஏறும்போது அதற்கு யார் எவ்வளவு காரணம் என்று மதிப்பெண் போட்டு, எல்லை மீறுகிறவனின் பாக்கெட்டுகளைப் பழைய வரிசைக்குத் தள்ளிவிடும். மதிப்பெண் போட ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே? அதற்காக மோடத்துக்குள் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரிகளையும் ஹாஷ் போட்டு, இணைப்பு வாரியாக.